கணினியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து 5.1 ஒலி பெறுவது எப்படி?

மேசைக் கணினியின் பின்புறத்தில் சிவப்பு ஒளி கசியும் சிறிய சதுரத் துளையே எஸ்பிடிஃப் எனப்படும் டிஜிட்டல் ஒலி வெளியீடு. சில மதர்போர்டுகளில் அதற்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ, ஆர்சிஏ வடிவிலான கோஆக்சியல் வெளியீடு இருக்கும். இதை ஹோம் தியேட்டர் ரிசீவருடன் இணைத்தவுடன் பாடல்கள் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் 5.1 ஒலியுள்ள, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமாக ஆறு சேனல் கொண்ட படத்தை ஓட விட்டால் முன்புற ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டுமே பேசும். உடனே கேபிளைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலான நேரங்களில் கோளாறு கேபிளில் இல்லை, கணினியின் அமைப்புகளில்தான் இருக்கிறது.

சுருக்கப்படாத ஒலியாக, அதாவது பிசிஎம் வடிவில், எஸ்பிடிஃப் இணைப்பு இரண்டு சேனல்களை மட்டுமே சுமக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல் என்று கணக்கிட்டால் நொடிக்கு 15,36,000 பிட் வருகிறது. ஆறு சேனலுக்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். அதே ஆறு சேனலை டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கினால் அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட்டிலும், டிவிடிகளில் உள்ள டிடிஎஸ் முறையில் அதிகபட்சம் ஏறக்குறைய 1,509 கிலோபிட்டிலும் அடங்கிவிடும் என்பதால், இரண்டு சேனலுக்கான இடத்திலேயே அவை பயணம் செய்ய முடிகிறது. ஆகவே ரிசீவருக்கு 5.1 போய்ச் சேர வேண்டுமானால், கணினியை விட்டு வெளியேறும்போது ஒலி டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ இருந்தாக வேண்டும். கீழே சொல்லப்படும் அமைப்புகள் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றுவதற்கானவை.

அதற்கு முன் ஒன்று: உங்கள் ரிசீவரில் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்து, அதன் வழியே அது ஒலியையும் ஏற்றுக்கொள்ளுமானால், ஆப்டிகல் கேபிளோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. எச்டிஎம்ஐ எட்டு சேனல் பிசிஎம் வரை நேரடியாகவே சுமக்கும். ப்ளூ-ரே வட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவையும் அதன் வழியேதான் செல்லும், எஸ்பிடிஃப் வழியே செல்லாது. பழைய ரிசீவரோ, ஆப்டிகல் உள்ளீடு கொண்ட டிகோடர் பெட்டியோ வைத்திருப்பவர்களுக்கே இந்தக் குறிப்பு பயன்படும்.

கேபிளின் இரு முனைகளிலும் கண்ணுக்கு எளிதில் படாத பிளாஸ்டிக் மூடிகள் மாட்டப்பட்டிருக்கும். அவற்றை உருவிய பிறகே சொருகவும். இழை கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது என்பதால் கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. முனையில் சிவப்பு ஒளி தெரிவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்துவிட வேண்டாம்; அந்த ஒளியில் என்ன வடிவத்தில் ஒலி போகிறது என்பது வேறு கேள்வி.

விண்டோஸில் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, பிளேபேக் பட்டியலில் டிஜிட்டல் அவுட்புட் என்ற சாதனத்தை இயல்பு வெளியீடாக வைக்கவும். விண்டோஸ் 11-இல் சவுண்ட் அமைப்புகளின் அடிப்பகுதியில் உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸ் வழியாக அந்தப் பேனலுக்குப் போகலாம். சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில் சப்போர்ட்டட் ஃபார்மட்ஸ் பகுதிக்குச் சென்று, டால்பி டிஜிட்டலையும் டிடிஎஸ்ஸையும் தேர்வு செய்து, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒலி கேட்டு, ரிசீவரின் முகப்பிலும் டால்பி அல்லது டிடிஎஸ் என்ற எழுத்து எரிந்தால் பாதி வேலை முடிந்தது. அட்வான்ஸ்டு பகுதியில், செயலிகள் சாதனத்தைத் தமக்கு மட்டுமாக (எக்ஸ்க்ளூசிவ்) எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் எண்ணிக்கையைத் தேர்வு செய்யும் கான்ஃபிகர் பொத்தான் டிஜிட்டல் வெளியீட்டுக்கு மங்கலாகவே இருக்கும். இரண்டு சேனல் சாதனமாகத்தான் விண்டோஸ் அதைப் பார்க்கிறது என்பதால் இதைக் கோளாறாக எண்ண வேண்டியதில்லை.

அடுத்து வருவது படம் ஓட்டும் செயலி. டால்பி டிஜிட்டலில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலித்தடத்தைச் செயலி தானே பிரித்துவிட்டால், அது இரண்டு சேனலாகக் குறைந்துதான் வெளியே போகும். பிரிக்காமல் அப்படியே அனுப்பச் சொல்வதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ என்று சென்று எச்டிஎம்ஐ/எஸ்பிடிஃப் பாஸ்த்ரூவை இயக்கவும். கோடி (Kodi) என்ற செயலியில் சிஸ்டம் அமைப்புகளின் ஆடியோ பகுதியில் பாஸ்த்ரூவை அனுமதித்து, ரிசீவர் எவற்றை ஏற்கும் என்பதையும் குறிக்க வேண்டும். அங்கே சேனல் எண்ணிக்கையை 2.0 என்றே வைக்க வேண்டும் என்பது பலரையும் குழப்பும், 5.1 வேண்டும் என்பவர் 5.1 என்று வைப்பதுதானே இயல்பு? ஆனால் அந்த எண் பிசிஎம் ஒலிக்கானது. எஸ்பிடிஃப்பில் பிசிஎம் இரண்டு சேனலைத் தாண்டாது என்பதை முன்பே பார்த்தோம்.

பாஸ்த்ரூ நடக்கும்போது கணினியின் வால்யூம் பட்டை வேலை செய்யாது. ஒலியளவை ரிசீவரில்தான் மாற்ற வேண்டும். டால்பியைப் பிரிக்கத் தெரியாத, ஸ்டீரியோவுக்கு மட்டுமான டிஜிட்டல் கன்வெர்ட்டர் ஒன்றுக்கு இந்த ஒலியை அனுப்பினால் காது கூசும் இரைச்சல் வரக்கூடும் என்பதால், முதல் சோதனையின்போது ஒலியளவைக் குறைத்தே வைத்திருங்கள்.

விளையாட்டுகளுக்கும், ஏஏசி என்ற வேறொரு முறையில் சுருக்கப்பட்ட ஆறு சேனல் தடம் கொண்ட கோப்புகளுக்கும் பாஸ்த்ரூ உதவாது. விளையாட்டின் ஒலி அந்தந்த நொடியில் உருவாவதால், முன்கூட்டியே சுருக்கப்பட்ட தடம் என்று ஒன்று அதில் கிடையாது. இங்கே கணினியே உடனுக்குடன் ஆறு சேனலைச் சுருக்கி அனுப்ப வேண்டும். டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்ற பெயர்களில் இந்த வசதி சில மதர்போர்டுகளிலும் தனி சவுண்ட் கார்டுகளிலும் கிடைக்கிறது. உரிமம் பெற்ற போர்டானால், அதே அட்வான்ஸ்டு பகுதியின் டிஃபால்ட் ஃபார்மட் பட்டியலில் டால்பி டிஜிட்டல் லைவ் என்ற வரி தென்படும். தென்படாவிட்டால், முதலில் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை நிறுவிப் பாருங்கள். கோப்புகளுக்கு மட்டும் போதும் என்றால் செலவே வேண்டாம்: கோடியில் டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கை இயக்கினால் ஏஏசி தடத்தையும் அது மாற்றி அனுப்பிவிடும்.

இந்த உடனடிச் சுருக்கத்தில் சற்றுத் தாமதம் உண்டு. டால்பி டிஜிட்டலின் ஒரு துண்டு 1,536 மாதிரிகளைக் கொண்டது. நொடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் அதைச் சேர்ப்பதற்கே 32 மில்லி நொடி ஆகிவிடும். படம் பார்ப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். துப்பாக்கிச் சண்டை விளையாடுபவருக்கு உறுத்தும். விஎல்சியில் உதட்டசைவும் குரலும் பொருந்தாவிட்டால் ஜே, கே விசைகளால் ஒலியை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு சோதனை. ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வருவதாலேயே 5.1 கிடைத்துவிட்டது என்று நம்ப முடியாது. ப்ரோ லாஜிக் போன்ற வசதிகள் ஸ்டீரியோ ஒலியையே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பிவிடும். ரிசீவரின் முகப்பில் பிசிஎம் அல்லது ப்ரோ லாஜிக் என்று காட்டினால் இன்னும் இரண்டு சேனல்தான் வருகிறது. ஒவ்வொரு சேனலின் பெயரையும் அதனதன் ஸ்பீக்கரில் சொல்லும் டால்பி டிஜிட்டல் சோதனைக் கோப்பு ஒன்றை ஓட்டுங்கள். பின்-இடது என்ற குரல் பின்-இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் இணைப்பு சரி. வலதில் கேட்டால் அமைப்புகளைத் தொடாமல், ரிசீவரின் பின்னால் ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடவும்.