மலையகத்தில் சின்னதாக ஒரு தொழில்: முதல் விற்பனை, முதல் ஆள், அப்புறம் தலைமை

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பணத்துக்கு எங்கே போவது என்றுதான். பணம் வேண்டும்தான். ஆனால் நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) என்று மரக்கறி எடுத்து விடுதிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது என்னை அதிகம் தடுமாற வைத்தது ஆட்களோடு நடந்துகொள்ளும் விதம். அதனால் நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: முதலில் நீங்களே விற்றுப் பாருங்கள்

பெயர்ப்பலகை, பேஸ்புக் பக்கம் எல்லாம் பிறகு. ஒரு கொப்பியோடு இருபது விடுதிகளுக்கு நடந்து போங்கள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சமையலறை ஓய்ந்திருக்கும் நேரத்தில். முதலாளியைப் பார்ப்பதற்கு முன் சமைக்கிறவரிடம் பேசுங்கள், சிங்களத்தில் பேச வேண்டியிருந்தால் அதில்தான். “நான் மரக்கறி தந்தால் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். “போன கிழமை யாரிடம் வாங்கினீர்கள், என்ன விலை, எதில் குறை வந்தது?” என்று கேளுங்கள். கடைசியில் “நாளைக்கு 5 கிலோ கரட் கொண்டு வரட்டுமா?” என்று கேட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உண்மையான பதில்.

படி 2: வாங்குகிறவரின் அளவுக்குப் பொதி செய்யுங்கள்

1890இல் இங்கே வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கிய தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன், தேயிலையைச் சின்னப் பொதிகளில், நிறை குறித்து விற்றார். சாதாரணக் குடும்பங்களால் வாங்க முடிந்தது. ஐந்து அறை உள்ள விடுதிக்கு ஒரு மூட்டை கோவா எதற்கு? கலந்த மரக்கறி 5 கிலோ பை, விலை எழுதி. அவ்வளவுதான்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டக்காரருக்குக் கையில் காசு கொடுக்க வேண்டும், விடுதி ஒரு மாதம் கழித்துத் தரும். அந்த ஒரு மாதத்துக்கான பணம் உங்களிடம் இல்லாவிட்டால், வியாபாரம் கூடக் கூட நீங்கள் முடங்கிப் போவீர்கள். புதிதாக வரும் விடுதியிடம் முதல் மூன்று தடவை கைக்காசு கேளுங்கள்.

படி 3: முதல் ஆளை எடுப்பது

உங்களால் செய்ய முடியாத வேலை எதுவோ, அல்லது உங்கள் நேரத்தைத் தின்கிற வேலை எதுவோ, அதற்கு மட்டும் ஆள் எடுங்கள். சொந்தக்காரப் பிள்ளை என்பதற்காக வேண்டாம். ஒரு நாள் சம்பளம் கொடுத்து அந்த வேலையையே செய்யவிட்டுப் பாருங்கள், கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது. அப்புறம் கணக்கு: சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அதாவது 4,800, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200. ஆக உங்களுக்கு 46,000 செலவு. அவருடைய 8 வீதம், 3,200, சம்பளத்தில் கழியும். ஒரே ஆள் என்றாலும் இது கட்டாயம். நம் அப்பா அம்மா தோட்டத்தில் உழைத்து முடித்தபின் கையில் வந்த காசில் பெரும்பங்கு இந்த நிதிதான், அதை மறக்கக் கூடாது.

படி 4: கெட்ட செய்தி உங்களிடம் வர வழி செய்யுங்கள்

நான் மிகவும் சொல்ல விரும்புவது இதைத்தான். தேயிலைத் தோட்டத்தில் தொரை (முகாமையாளர்), கணக்கப்பிள்ளை, கங்காணி (மேற்பார்வையாளர்கள்) என்று தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்த தலைமை வேறு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும், அதனால் மேலே இருப்பவரிடம் குறையைச் சொல்லாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு மழை நாளில் எங்கள் லீக்ஸ் நனைந்து அழுகத் தொடங்கியது உதவிக்கு வந்த தம்பிக்கு முதல் நாள் இரவே தெரியும். எனக்குச் சொன்னது விடுதிச் சமையல்காரர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஏசுவீங்கன்னு பயமா இருந்திச்சு அண்ணே” என்றான்.

அன்றிலிருந்து, சாயங்காலம் கணக்கு முடித்ததும், “இன்றைக்கு என்ன பிழையாகப் போனது?” என்று கேட்கிறேன். முதலில் என்னுடைய பிழையைச் சொல்வேன், விலையைத் தவறாகச் சொன்னது, ஒருவரை அழைக்க மறந்தது. நேரத்தோடு சொன்னவருக்குச் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன். ஏச வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத்தான். சம்பளம் சொன்ன திகதியில் போகும், விடுதி எனக்குத் தராவிட்டாலும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் பிள்ளைகள் மறுபடி வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் வரை பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அதே தம்பி போன் பண்ணி, “அண்ணே, லொறி வரல்ல, இனி வரும்னு தோணல்ல” என்றான். ஓட்டோ பிடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.