வளாகத்துச் சருகை எரிக்க வேண்டாம்

பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் கூட்டிய சருகை மூலையில் குவித்துக் கொளுத்துவது இன்னும் நடக்கிறது. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன, யார் கேட்கிறார்கள்? எரிப்பதற்குப் பதிலாக சருகை உரமாக்கலாம்: கம்பிவலையை மூன்றடி அகலக் கூண்டாக வளைத்து மரத்தடியில் நிறுத்தி, மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை விடுதிச் சமையலறைக் காய்கறிக் கழிவு என்று அடுக்கி, நடுநடுவே சாணக் கரைசல் தெளித்தால் போதும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். தூங்குமூஞ்சி, வேம்பு இலைகள் சீக்கிரம் மட்கும். தேக்கு, பாதாம் இலைகளை நொறுக்கிப் போடணும். அப்புறம், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிடுங்கள், பெரிய தொல்லையே அதுதான். மூன்று மாதம் போல ஆனால் உரம் தயார்.