மணல் தட்டில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குறியீடுகள்

மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பெண்கள் மணலில் விரலால் வரைந்தபடியே கதை சொல்வார்கள். அதனால் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் தாளைவிட மணல்தான் சரியான தொடக்கம்.

ஓரம் உயர்ந்த தட்டில் 3 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த மணலில் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்; ஈரம் கூடினால் விரலில் அப்பிக்கொள்ளும். முதல் நாள் மூன்று குறிகள் போதும். லாட வடிவம், உட்கார்ந்திருக்கும் ஆள். சம்மணமிட்டு எழுந்தால் மணலில் பதியும் தடம் அது, குழந்தையையே உட்காரவைத்துக் காட்டலாம். வட்டத்துக்குள் வட்டம், நீர்ச்சுனை. மூன்று விரல் தடம், ஈமு நடந்த வழி. ஒரு காட்சி முடிந்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்ததை வரையுங்கள். அங்கும் அதுதான் வழக்கம்.

குறிகளை அகராதிபோல மனப்பாடம் செய்யவைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அதே வட்டம் இன்னொரு கதையில் முகாம், வேறொன்றில் நெருப்பு. "இங்கே இது என்ன?" என்று கேட்டுப் பழக்குங்கள். இவை பாலைவன மக்களின் குறிகள் என்பதையும் சொல்லுங்கள். 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்ட கண்டம் அது, அதன் வடக்கே உள்ள ஆர்னெம் லேண்ட் பகுதியில் ஓவிய மரபே வேறு.

பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளைப் பார்த்து வரையவிடாதீர்கள். அந்தக் கதைகள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியவை. குழந்தை தன் வீட்டையும் பூங்காவுக்குப் போன வழியையும் வரையட்டும். இந்த மக்களைப் பற்றிப் பேசும்போது "வாழ்ந்தார்கள்" வேண்டாம், "வாழ்கிறார்கள்" என்றே சொல்லுங்கள்.