தூதரகத்தில் சம்பளமில்லாப் பயிற்சி: பெர்லினில் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க

முதலில் வாடகை. 2023-ல் பெர்லினில் ஒரு தூதரகத்தில் பயிற்சியில் இருந்தபோது என் சேமிப்பில் பாதி அதற்கே போனது. அறை உறுதியாகாமல் விமான டிக்கெட் போடாதீர்கள். உள்ளூர்ப் பேருந்து, ரயிலுக்கு ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்ற மாதச் சீட்டு போதும். அப்போது மாதம் 49 யூரோ. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால், வாங்கும்போது முன்பணமாகக் கொடுத்த 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். மாதக் கடைசியில் எனக்கு அது ரொட்டிக் காசு.

வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். தூதரகம் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பும் ‘நோட் வெர்பால்’ என்ற அதிகாரபூர்வக் கடிதம் படர்க்கையில் எழுதப்படும். பழைய கோப்புகளைப் பார்த்து அதை எழுதப் பழகியதுதான் நான் பெற்ற கூலி.

சான்றிதழைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். என் மேலதிகாரி மாற்றலாகிப் போனார். ஒரு கையெழுத்துக்கு இரண்டு மாதம் அலைந்தேன்.