கிரேக்கப் புராணப் பெண்களைத் திரும்ப எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பதின்ம வயதினருக்கான ஃபேன்டஸியில், கிரேக்கப் புராணத்தைப் பெண்ணின் பக்கம் நின்று சொல்லும் நாவல்கள் இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. எழுதிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முதல் சறுக்கல், கதையின் எந்த வடிவத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யாமலே முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவது.

பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசாவையே பாருங்கள். பெண் தெய்வம் அத்தீனாவின் கோயிலில் கடல்தெய்வம் பொசைடன் அவளைக் கெடுத்தான், அத்தீனாவோ அவளையே தண்டித்துக் கூந்தலைப் பாம்புகளாக்கினாள் என்பதுதான் இன்று பரவலாகத் தெரிந்த கதை. இது கி.பி. 8 வாக்கில் ரோமக் கவிஞர் ஓவிட் எழுதியது. அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டின் பாட்டில் கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. வசந்தப் பூக்களுக்கு நடுவே, மெத்தென்ற புல்வெளியில் கடல்தெய்வம் அவளோடு கிடந்தான் என்று மட்டும் வருகிறது. கார்கன்கள் என்ற அரக்கச் சகோதரிகள் மூவரில் அவள் ஒருத்திக்குத்தான் சாவு உண்டு. இவை இரண்டும் இரண்டு வேறு நாவல்கள். ஒன்று அநீதியைப் பற்றியது. மற்றொன்று, சாகாத இரு சகோதரிகளோடு வாழ்ந்துகொண்டு தான் மட்டும் சாகப்போவதை அறிந்த பெண்ணைப் பற்றியது. இரண்டையும் கலந்தால் பாதி நாவலில் கேள்வி முளைக்கும்: இவள் சாபத்தால் உருமாறியவள் என்றால், கூடப் பிறந்தவர்கள் எப்படிப் பிறவியிலேயே கார்கன்கள்?

இதற்கு ஒரு தாளும் அதில் நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திகளும் போதும். முதல் பத்தியில் நிகழ்வு, இரண்டாவதில் அதைச் சொல்லும் மூலநூலும் காலமும், மூன்றாவதில் நீங்கள் மாற்றப்போவது. மூன்றாம் பத்தி பெரிய மாற்றங்களால் நிரம்பி வழிந்தால் நீங்கள் எழுதுவது மறுகூறல் அல்ல, பெயர்களை மட்டும் கடன் வாங்கிய புதுக் கதை. அதிலும் தவறில்லை, ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

கீழுலக அரசன் ஹேடீஸ் கவர்ந்து சென்ற பெர்செஃபனியின் கதையில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே அவள் தின்றது ஆறு மாதுளை முத்து, அதனால் ஆண்டில் அங்கே இருக்க வேண்டியது ஆறு மாதம் என்ற கணக்கு பிற்காலத்தில் வந்தது. அவளுடைய தாய், விளைச்சல் தெய்வம் டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கப் பாட்டான ஹோமரியத் துதியில் ஒரே முத்துதான். அவள் கீழுலகில் இருப்பதும் ஆண்டின் மூன்றில் ஒரு பங்குதான். ஓவிட் ஒரு நூலில் ஏழு முத்து என்கிறார், இன்னொன்றில் மூன்று என்கிறார். அவளே விரும்பித்தான் ஹேடீஸோடு போனாள் என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பின்னுரையில் 'இதுவே மறைக்கப்பட்ட மூலக்கதை' என்று எழுதாதீர்கள். துதியில் அவள் அலறுகிறாள். குகையிலிருந்த பெண் தெய்வம் ஹெக்கடியின் காதில் அது விழுகிறது. ஹேடீஸ் அவளுடைய தந்தையும் தேவர்களின் அரசனுமான ஸீயஸின் உடன்பிறந்தவன் என்பதும், மகளைக் கேட்காமலே ஸீயஸ் சம்மதித்தான் என்பதும் காதல்கதை ஆக்குபவர்கள் வசதியாக விட்டுவிடும் விவரங்கள். படிப்பவருக்கு வயது பதினைந்து இருக்கலாம் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது.

இந்தக் காதலுக்கு இடம் பண்ணுவதற்காக டிமீட்டரை மகளை மூச்சுமுட்டப் பிடித்துவைக்கும் அம்மாவாகச் சுருக்குவது இந்த வகை நாவல்களின் ஆகப் பெரிய நஷ்டம். ஒன்பது நாள் கையில் தீப்பந்தங்களோடு அலைந்தவள், பிறகு மண்ணில் ஒரு விதையும் முளைக்காமல் நிறுத்திவைக்கிறாள். மனிதர்கள் பட்டினியால் அழிந்தால் தேவர்களுக்குப் பலி கொடுக்க ஆள் இருக்காது. ஸீயஸ் தூது மேல் தூது அனுப்புகிறான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விட்டுக்கொடுக்கிறான். கதையை ஓட்டும் இயந்திரமே அதுதான். அதைக் கழற்றிவிட்டால் பெர்செஃபனி ஏன் மேலே வர வேண்டும் என்பதற்கே காரணம் கிடைக்காது.

அடுத்தது வாள். நாயகி வலிமையானவள் என்று காட்ட அவள் கையில் வாளைக் கொடுத்து, அதே வேகத்தில் சுற்றியுள்ள பெண்களையெல்லாம் நூல் நூற்கும் அசடுகளாக்கிவிடுகிறார்கள். வேட்டைக்காரி வேண்டுமென்றால் அட்டலாண்டா இருக்கிறாள். கலிடோன் நாட்டைப் பாழாக்கிய ராட்சதப் பன்றியின் மேல் முதல் அம்பை எய்தவள் அவள்தான். மற்றவர்களின் பலம் வேறு இடத்தில் இருந்தது. டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் 'இலியட்' முடிவது போரில் அல்ல, டிராய் இளவரசன் ஹெக்டரின் உடல்முன் மனைவி ஆண்ட்ரமாக்கி, தாய் ஹெக்கூபா, தம்பி மனைவி ஹெலன் மூவரும் வைக்கும் ஒப்பாரியிலும் அடக்கத்திலும். இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று கடைசியாகச் சொல்லும் உரிமை அவர்கள் குரலுக்கு இருந்தது.

தறியும் அப்படிப்பட்ட ஓர் ஆயுதம்தான். ஆனால் அதை எழுதுபவர்களில் பலர் தறியைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். கணவன் ஒடிஸியஸ் திரும்பும்வரை மறுமணத்தைத் தள்ளிப்போடப் பகலில் நெய்ததை இரவில் பிரித்தவள் பெனலோப்பி. தமிழில் எழுதும்போது அவளைக் குழித்தறியில் உட்காரவைத்துவிடுவது எளிது. கிரேக்கத் தறி நிமிர்ந்து நிற்பது, சுவரில் சற்றே சாய்ந்திருக்கும். பாவு எனப்படும் நெடுக்கு நூல்கள் மேல்கட்டையிலிருந்து தொங்கும். அவை விறைப்பாக நிற்கக் கீழே களிமண் குண்டுகள் கட்டியிருக்கும். நெய்பவள் நின்றுகொண்டு, இங்கும் அங்கும் நடந்தபடி நெய்வாள். ஒடிஸியஸ் வீடு திரும்பும் கதையான 'ஒடிஸி'யில் மாயக்காரி கிர்க்கி அப்படித்தான் பாடிக்கொண்டே நடக்கிறாள். துணி மேலிருந்து கீழாக வளரும், ஊடை எனப்படும் குறுக்கு நூலை மேல்நோக்கி அடிப்பார்கள். ஆகவே இரவில் பிரிக்கும்போது கீழ் விளிம்பிலிருந்து, கடைசியாக விட்ட ஊடையிலிருந்து தொடங்க வேண்டும். பாவைத் தொடக் கூடாது, குண்டுகள் ஒன்றோடொன்று மோதினால் ஓசை கேட்கும். இவ்வளவு தெரிந்தாலே அந்தக் காட்சிக்குப் பதற்றம் தானாக வந்துவிடும். நெய்வதைவிட நூற்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பேசும்போதும் நடக்கும்போதும் பெண்கள் கையில் தக்ளி சுற்றிக்கொண்டிருக்கும்.

பெனலோப்பியின் தந்திரம் மூன்று ஆண்டுகள் பலித்தது. நான்காம் ஆண்டில் அதைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டு அடிமைப் பெண் ஒருத்தி. ஒடிஸியஸின் வீட்டில் அப்படி ஐம்பது பேர். முடிவில் பன்னிரண்டு பேரை மகன் டெலிமாக்கஸ் கப்பல் கயிற்றில் தூக்கிலிடுகிறான், பெனலோப்பி மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ராணியின் துயரத்தை முந்நூறு பக்கம் எழுதிவிட்டு இந்தப் பன்னிரண்டு பேரை ஒரு வரியில் கடப்பவர்கள், பெண்களின் கதை சொல்வதாக அட்டையில் போட்டுக்கொள்வது சரியில்லை. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 1200 வாக்கில் அங்கே உழைத்த நூற்றுக்கணக்கான பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும், அவர்களுக்கு அளந்த தானியமும் அத்திப்பழமும் கணக்காக எழுதியிருக்கின்றன. அவர்களில் பலரைக் குறிப்பது மிலேட்டஸ், லெம்னாஸ் போன்ற வெளியூர்ப் பெயர்கள். 'இலியட்'டில் போரில் சிறைபிடிக்கப்பட்ட பிரிசெயிஸ் போன்றவளை எழுத நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பட்டியல் அது.

ஸீயஸின் மனைவி ஹீராவைப் பொறாமைக்காரியாக மட்டும் எழுதுவதும் பழகிப்போன சோம்பல். ஒலிம்பியாவில் அவள் பெயரால் கன்னிப்பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் நடந்தது. பழங்காலக் கிரேக்கப் பயணி பாசேனியஸ் அதை விவரிக்கிறார்: மூன்று வயதுப் பிரிவுகள், விரித்த கூந்தல், முழங்காலுக்கு மேல் நிற்கும் உடை, வலது தோள் திறந்திருக்கும். ஆண்கள் ஓடும் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவு. அதாவது ஏறக்குறைய 160 மீட்டர். வென்றவளுக்கு ஒலிவ இலை முடியும், பலியிட்ட பசுவில் ஒரு பங்கும். பதின்ம வயது நாயகிக்கு இதைவிட நல்ல தொடக்கக் காட்சி வேறென்ன வேண்டும்?

மாயத்துக்கும் புதிதாக விதி கண்டுபிடிக்கத் தேவையில்லை. நெருப்பு, நீர் என்று பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டவும் தேவையில்லை. கீழுலகின் ஸ்டிக்ஸ் நதிமேல் செய்த சத்தியத்தை மீறும் தெய்வம் ஓராண்டு மூச்சின்றிக் கிடக்கும், பிறகு ஒன்பது ஆண்டுகள் தேவர் அவைக்கும் விருந்துக்கும் வர முடியாது என்கிறார் ஹெசியட். ஒரு தெய்வம் செய்ததை இன்னொரு தெய்வம் அழிக்க முடியாது. காதலனுக்குச் சாகாவரம் கேட்ட விடியல் தெய்வம் ஈயோஸ், இளமையையும் சேர்த்துக் கேட்க மறந்தாள். அவன் கிழண்டு கிழண்டு வாழ்ந்தான். இந்த மூன்றை வைத்தே ஒரு நாவலின் முடிச்சுகளைப் போட்டுவிடலாம். நம்மையறியாமல் முன்வினையும் மறுபிறவியும் மட்டும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிராய்க்குப் படை புறப்படத் தந்தை அகமெம்னானால் இஃபிஜெனியா பலியிடப்படுவது அவளுடைய எந்தப் பாவத்துக்காகவும் அல்ல.

பொருள் விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிராய்க் காலத்தில் நாணயம் இல்லை, ஆயுதம் வெண்கலம். தக்காளி, மிளகாய், உருளை, மக்காச்சோளம் கிடையாது. பார்லி, ஒலிவம், அத்தி, தேன் உண்டு. ஒயினில் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். உலகில் துன்பங்களை வெளியே விட்ட பாண்டோரா திறந்தது பெட்டி அல்ல, இடுப்பளவோ அதற்கு மேலோ நிற்கும் மண்சாடி.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் மர்மத்தை முடிவில் வைப்பது வீண். 'இப்போலிட்டஸ்' நாடகத்தைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 428இல் மேடையேற்றியபோது, கணவனின் மகன்மேல் ஆசைகொண்ட ஃபீட்ரா சாவாள் என்பதை முதல் காட்சியிலேயே காதல் தெய்வம் அஃப்ரடைட்டி சொல்லிவிடுகிறாள். பார்ப்பவர் காத்திருப்பது எப்படி, யாருடைய வாய்ச்சொல்லால் என்பதற்காக. பதின்ம வயதினருக்கு எழுதும்போது வன்கொடுமைக் காட்சிக்கும் இதே முறை உதவும். நிகழ்வை நேரில் காட்டாமல் அதற்கு முன்பே வெட்டிவிட்டு, மறுநாள் காலை யார் அவளை நம்பினார், யார் நம்பவில்லை என்பதிலிருந்து அத்தியாயத்தைத் தொடங்குங்கள். அந்த வயது வாசகர் அங்கேதான் தன்னை அடையாளம் காண்பார்.

தமிழில் எழுதுவோருக்குக் கடைசியாக ஒன்று. அத்தீனா ஓரிடத்தில் மினர்வா, ஹெராக்ளீஸ் அடுத்த பக்கத்தில் ஹெர்குலஸ் என்று கிரேக்கமும் ரோமமும் கலந்தால் வாசகர் இரண்டு பேர் என்று எண்ணிக்கொள்வார். எழுதத் தொடங்கும் முன்பே பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, வேற்றுமை உருபு சேர்த்தும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். 'கிளைட்டெம்னெஸ்ட்ராவிடமிருந்து' என்பது ஒரு பக்கத்தில் நான்கு முறை வந்தால், அவளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு சிறு பெயர் வைப்பதே நல்லது.