பழைய மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை எடைக்குப் போடுவதற்கு முன்

ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 30-லேயே மூச்சு வாங்குகிறது, புது பேட்டரிக்கு ஷோரூமில் சொல்லும் விலையைக் கேட்டால் வண்டியே வேண்டாம் போலிருக்கிறது, பேசாமல் காயலான் கடையில் தள்ளிவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தள்ளிவிடாதீர்கள். வண்டியை ஓட்டத்தான் அந்த பேட்டரிக்குத் தெம்பில்லை, தீப்பிடிக்கத் தேவையான சக்தி உள்ளே அப்படியே இருக்கிறது. கடையில் வேலை செய்கிற பையன் அலுமினியத்தைப் பிரிக்க உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் கை, முகம், கண் என்று எது போகும் என்று சொல்ல முடியாது.

முதலில் அது என்ன பேட்டரி என்று பாருங்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத, பதிவெண் தேவைப்படாத பழைய வண்டிகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் நாலைந்து கருப்புப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றும் 12 வோல்ட். அது ஈய பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றுவது போலவே பேட்டரி கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கொல்லையில் ஈயம் உருக்குகிறவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டாம், அந்தப் புகையும் தூசியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

மற்றபடி பெரும்பாலும் லித்தியம்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுத்து வையுங்கள்: எல்எஃப்பி-யா (LFP), என்எம்சி-யா (NMC) என்று, இவை லித்தியம் பேட்டரியின் இரண்டு வகைகள், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்-மணி (Ah, அதாவது கொள்ளளவு). இனிமேல் யாரிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது, பேட்டரி நிஜமாகவே போய்விட்டதா என்பது. வாரண்டி முடிந்துவிட்டதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள், டயரில் காற்று குறைவா, பிரேக் உரசுகிறதா என்பதையும் பாருங்கள், இதெல்லாம் ஓடும் தூரத்தைக் குறைக்கும். அப்புறம், பேட்டரிக்குள் செல் என்னும் சின்னச் சின்ன பேட்டரிகள் வரிசை வரிசையாக இருக்கும், சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு செல் வரிசையின் வோல்டேஜையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 72 வோல்ட் என்எம்சி பேக் (மொத்த பேட்டரிப் பெட்டி) என்றால் வழக்கமாக 20 வரிசைகள் தொடராக இருக்கும், அதில் 19 வரிசை 3.8 வோல்டில் நிற்க, ஒன்று மட்டும் 3.1-க்கு இறங்கியிருந்தால் அந்த ஒன்றுக்காக பிஎம்எஸ் (BMS, பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) மொத்த பேக்கையும் நிறுத்திவிடும், ஒரு மாடு படுத்துக்கொண்டால் வண்டியே நிற்பது மாதிரி. லித்தியம் பேக் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர் அந்த வரிசையை மாற்றித் தரலாம். ஆனால் பிஎம்எஸ்-ஐத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்து பேட்டரியை எழுப்பித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2 வோல்டுக்குக் கீழே போய் ரொம்ப நாள் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளுக்குள்ளேயே படிந்து ஷார்ட் ஆக வழியிருக்கிறது. அன்றைக்கு வண்டி ஓடும், ஆபத்து பிறகு வரும்.

பேக் உப்பியிருந்தாலோ, இனிப்பும் காரமுமாக ஒரு நெடி அடித்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. உள்ளே போன ஈரமும் உப்பும் மெதுவாகத்தான் வேலை செய்யும், நாள் கழித்துக்கூடத் தீ வரலாம். அதனால் வண்டியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, வெட்டவெளியில் நிறுத்துங்கள். புகை வந்தால் பக்கத்தில் போகாமல் 101-ஐ அழையுங்கள், அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும், சுவாசித்தால் நுரையீரலைப் புண்ணாக்கும்.

பேக் நல்ல நிலையில் இருந்து, சக்தி மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அதை வீட்டுக்குப் பயன்படுத்தலாம். 3 கிலோவாட்-மணி (அதாவது 3 யூனிட்) பேக்கில் 70 சதவீதம் மிச்சமென்றால் 2.1. அதை முழுக்கக் காலி செய்யாமல், இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் சுமார் 1.5 கைக்கு வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் இரண்டு பிஎல்டிசி (BLDC) மின்விசிறியும் நாலு எல்இடி பல்பும் சேர்ந்து 100 வாட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 15 மணி நேரம். புயல் இரவுக்கு இது போதும்.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். ஈய பேட்டரிக்காகச் செய்த 48 வோல்ட் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றும்போது 57.6 வோல்ட் வரை போகும். 13 வரிசை உள்ள என்எம்சி பேக்கை அதில் மாட்டினால் வரிசைக்கு 4.43 வோல்ட் ஆகிறது, தாங்கும் எல்லையோ 4.2. பிஎம்எஸ் ஒரு நாள் சரியாக வேலை செய்யாவிட்டால் வீடு பற்றிக்கொள்ளும். 16 வரிசை எல்எஃப்பி என்றால் வரிசைக்கு 3.6, எல்லைக்குள் வருகிறது. என் கருத்து: எல்எஃப்பி என்றால் மட்டும், அதுவும் லித்தியத்துக்கு ஏற்றபடி செட்டிங் மாற்றக்கூடிய இன்வெர்ட்டரோடு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். என்எம்சி என்றால் வீட்டுக்குள் வேண்டாம். படுக்கையறையிலும் மாடிப்படிக்கு அடியிலும் எதையுமே வைக்காதீர்கள், தீ வந்தால் ஓட வேண்டிய வழி அது.

இதற்கும் உதவாது என்றால் மறுசுழற்சிதான். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனமே பழையதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. மண்ணில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை. எனவே ஷோரூமில் போய்க் கேளுங்கள், கைவிரித்தால் கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். கம்பெனியே மூடிப்போயிருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தைத் தேடுங்கள். பேக்கின் வரிசை எண் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். முறையான ஆலையில் பேக்கைப் பிரித்து, மின்சாரத்தை வடித்து, அரைத்துக் கருப்புத் தூளாக்கி, அதிலிருந்து லித்தியம், நிக்கல், கோபால்ட் எல்லாம் எடுக்கிறார்கள். 2026-27 முதல் மின்வாகன பேட்டரியின் எடையில் 90 சதவீதத்தை மீட்க வேண்டும் என்பது விதி. காயலான் கடையில் செம்பும் அலுமினியமும் போக மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்குத்தான் போகும், எனக்கு வயிறெரிவது அதனால்தான்.

உப்பாத, நனையாத பேட்டரி என்றால் கொடுக்கும் வரை அதைப் பாதி சார்ஜில், வெயிலும் மழையும் படாத இடத்தில் வையுங்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகாதீர்கள், கூரியரிலும் போடாதீர்கள், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதிவெண் உள்ள வண்டியையே மொத்தமாகக் கழிக்கிறீர்கள் என்றால் அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும். ஆர்டிஓ பதிவில் வண்டி நீக்கப்பட்டதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த எண்ணில் எது நடந்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும். அப்புறம் வண்டியின் ஆப்பில் உங்கள் கணக்கை நீக்கிவிடுங்கள், நீங்கள் போய்வந்த இடமெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.