சீட்டுக்குத் தேதி உண்டு, ஷேருக்கு ஏன் இல்லை? முதலீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் சீட்டு கட்டாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதச் சீட்டு கட்டுகிறார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: "மே மாசம் எடுத்துடுவேன்பா. ஜூன்ல பெரியவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்." எவ்வளவு தள்ளினால் கிடைக்கும், கடைசிச் சீட்டு வரை யார் காத்திருப்பார், எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த அக்காவின் தம்பி போன மாதம் போனிலேயே டீமேட் கணக்கு (வாங்கும் ஷேர்களை வைத்துக்கொள்ளும் கணக்கு) தொடங்கிவிட்டு வந்து நின்றான். "அண்ணே, எந்த ஷேர் வாங்கலாம்?" இந்தப் பணம் உனக்கு எப்போது வேண்டும் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

நான் மண்ணடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன். வருமான வரி தாக்கல் செய்ய வருகிறவர்களின் ஷேர் ஸ்டேட்மென்ட்டுகளை வருடா வருடம் பார்க்கிறேன். மோசமான ஷேரை வாங்கி நஷ்டப்பட்டவர்களைவிட, நல்ல மியூச்சுவல் ஃபண்டில் (பலரிடம் பணம் திரட்டிப் பல ஷேர்களில் போடும் திட்டத்தில்) சீக்கிரம் தேவைப்படும் பணத்தைப் போட்டு நஷ்டப்பட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தவறை முதலில் சொல்கிறேன்.

தேதி இல்லாத பணம்

2020 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 42,000-ஐத் தொட்டது. அந்த மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்தது. கிட்டத்தட்ட 40 சதவீதம் காணாமல் போனது. மே மாதம் வீட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியவர் அந்த விலைக்கே விற்றார். பணத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லாதவர் அப்படியே விட்டுவைத்தார். 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தாண்டியது. இருவரும் வைத்திருந்தது ஒரே ஃபண்டாகக்கூட இருந்திருக்கலாம்.

எல்லா வீழ்ச்சியும் இப்படிப் பத்து மாதத்தில் சரியாகிவிடாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அந்த அக்டோபரில் 8,000-க்குக் கீழே போய்வந்தது. 2010 நவம்பரில் மறுபடி 21,000-ஐ எட்டிப் பார்த்தாலும் அங்கே நிற்கவில்லை. பழைய உச்சத்தை நன்றாகத் தாண்ட 2013-ன் கடைசி வரை ஆனது. ஐந்து வருடத்துக்கும் மேல்!

எனவே ஒரு தாளை எடுத்து, எந்தப் பணம் எப்போது வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணம் வங்கி ஆர்டி, எஃப்டி, அஞ்சலகச் சேமிப்பு இவற்றில் இருக்கட்டும். ஏழு வருடம் தாண்டித்தான் தேவை என்றால் பங்குச் சந்தைக்குத் தைரியமாகப் போகலாம். நடுவில் இருப்பதைப் பிரித்துப் போடுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஆறு மாதக் குடும்பச் செலவு உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாதவர் சந்தை விழும்போது ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஷேரை விற்பார், அல்லது மீட்டர் வட்டிக்குப் போவார். நகைக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை) தொடங்குவதையும் நான் ஏற்கமாட்டேன். கடனை அடைப்பதில் கிடைக்கும் லாபம் உறுதியானது.

"நம்ம கம்பெனி" ஷேர்

இது எங்கள் பக்கத்தில் தனி ரகத் தவறு. எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சென்னை பெட்ரோலியம், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு. எம்.ஆர்.எஃப். கூட 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. இந்தக் கம்பெனிகளின் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா வேலை பார்த்த கம்பெனி, மாமா கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி என்றால் மனதுக்கு நெருக்கம் வந்துவிடும். "எனக்குத் தெரிஞ்ச கம்பெனிப்பா" என்று இருக்கிற பணத்தையெல்லாம் அதிலேயே போடுவார்கள்.

கம்பெனியின் கேட்டைத் தெரிந்திருப்பது வேறு, அதன் லாபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது வேறு. சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் லாபம், வாங்கும் கச்சா எண்ணெய்க்கும் விற்கும் பெட்ரோல், டீசலுக்கும் உலகச் சந்தையில் உள்ள விலை இடைவெளியைப் பொறுத்தது. ஆலை இரவு பகலாக ஓடினாலும் ஒரு வருடம் கொழுத்த லாபமும் இன்னொரு வருடம் நஷ்டமும் வரலாம். லாரி, பஸ் விற்பனை நாட்டின் பொருளாதாரத்தோடு ஏறி இறங்கும். வாசலில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. உங்கள் சம்பளம் அந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது. நீங்கள் கட்டிய மாடி போர்ஷனில் குடியிருப்பவரும் அங்கேதான் வேலை செய்கிறார். சேமிப்பும் அதே கம்பெனியின் ஷேராக இருந்தால், ஒரு இடி மூன்று இடத்தில் விழும். பெரம்பூர் பக்கம் பின்னி மில் என்று எல்லோரும் சொன்ன பி அண்ட் சி மில், நூறு வருடத்துக்கு மேல் ஓடி 1996-ல் மூடப்பட்டது. புளியந்தோப்பு, ஓட்டேரிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு ஆலையை நம்பி எத்தனை கடை, எத்தனை வாடகை வீடு இருந்தது என்று சொல்வார்கள். எந்த ஒரு கம்பெனியிலும் மொத்த முதலீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. வேலை பார்க்கும் கம்பெனி என்றால் அதிலும் பாதி.

பத்து ரூபாய் ஷேர் மலிவா?

2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். ஷேர் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. "யம்மாடி, இவ்வளவு விலையா, நமக்கு 10 ரூபாய் ஷேர் போதும்" என்று அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். எம்.ஆர்.எஃப்.-இல் மொத்தம் உள்ள ஷேர்கள் சுமார் 42 லட்சம்தான். ஆக, முழுக் கம்பெனியின் சந்தை மதிப்பு அன்று சுமார் 42,000 கோடி. இப்போது 5,000 கோடி ஷேர்கள் உள்ள ஒரு கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஷேர் வெறும் 10 ரூபாய் என்றாலும் மொத்த மதிப்பு 50,000 கோடி. அந்தக் கம்பெனி நஷ்டத்தில் ஓடினால் பத்து ரூபாயே அதிகம். கேக்கை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்று பார்க்காமல் துண்டின் விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது.

புது ஃபண்ட் 10 ரூபாய் யூனிட்டுக்கு வருகிறது, பழைய ஃபண்ட் 300 ரூபாய், அதனால் புதிது மலிவு என்பதும் இதே குழப்பம். இரண்டும் அதே ஷேர்களைத்தான் சந்தை விலைக்கு வாங்கப்போகின்றன. ஷேர்கள் 12 சதவீதம் ஏறினால் 10 ரூபாய் 11.20 ஆகும், 300 ரூபாய் 336 ஆகும். உங்கள் பணம் இரண்டிலும் ஒரே அளவுதான் வளரும். பழைய ஃபண்டுக்கு வரலாறாவது இருக்கிறது.

ஒன்பது ஃபண்ட், ஒரே சாம்பார்

ஃபண்ட் தேர்வில் நானே செய்த தவறு இது. ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடம் முதலிடத்தில் வந்த ஃபண்டைப் பார்த்து ஒரு எஸ்ஐபி தொடங்கினேன். ஒன்பது சேர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலும் என்னென்ன ஷேர் இருக்கிறது என்று எடுத்து எழுதினேன். பெரும்பாலானவற்றில் மேல் வரிசையில் அதே ஹெச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, ரிலையன்ஸ். 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டிலேயே இவைதான் அதிக எடையுள்ளவை. குறியீட்டில் உள்ள ஷேர்களை அப்படியே வாங்கும் ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் குறைந்த செலவில் தந்திருக்கும் பரவலுக்கு நான் ஒன்பது இடத்தில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2017-ல் ஃபண்டுகளை வகைப்படுத்தியது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், அதற்குக் கீழே ஸ்மால் கேப். லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்த முதல் 100-ல்தான் போட வேண்டும். அப்படியிருக்க, மூன்று லார்ஜ் கேப் ஃபண்ட் எதற்கு? முதல்முறை வருபவருக்கு ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். பழகிய பிறகு ஒரு மிட் கேப் சேர்க்கலாம். இதற்கு மேல் சேர்க்கக் காரணம் கேட்டால் பெரும்பாலும் யாரிடமும் இல்லை.

கட்டணத்தையும் பாருங்கள். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு பிளான்கள் உண்டு. ரெகுலரில் ஏஜென்ட்டுக்கான கமிஷன் உங்கள் பணத்திலிருந்து போகிறது. மாதம் 5,000 ரூபாய் 20 வருடம் போட்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 49 லட்சம். கட்டணத்தால் அது 11 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 43 லட்சம். ஒரு சதவீதம் ஆறு லட்சத்தைத் தின்கிறது. சந்தை விழும்போது கூப்பிட்டு "விக்காதீங்க சார்" என்று தடுக்கிற ஏஜென்ட் இருந்தால் அந்தக் கட்டணத்தை மனமாரக் கொடுக்கலாம். புது ஃபண்ட் விற்க மட்டும் கூப்பிடுகிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் ரெகுலரிலிருந்து மாறுவது விற்றதாகவே கணக்காகும், லாபத்துக்கு வரி வரும். அதைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

இதில் மட்டும் வேண்டாம்

எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: ஷேரோ குறியீடோ குறித்த தேதிக்குள் ஏறுமா, இறங்குமா என்று ஒப்பந்தம் வாங்கி விற்பது. கொருக்குப்பேட்டையில் பார்சல் டெலிவரி செய்யும் பையன் ஒருவன், பைக் வாங்க வைத்திருந்த பணத்தை ஆப்ஷனில் இரண்டு வியாழக்கிழமைகளில் விட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செபியே 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதைத் தெரிந்த பிறகும் "நான் அந்த 7 பேரில் ஒருவன்" என்று நினைக்கிற தம்பிகளைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

அப்புறம், மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்கிற திட்டங்களும், டெலிகிராம் குழுவில் லிங்க் அனுப்பி இறக்கச் சொல்லும் போலி ஆப்களும். மாதம் 10 சதவீதம் கூட்டு வட்டியில் வளர்ந்தால் ஒரு லட்சம் மூன்றே வருடத்தில் 30 லட்சத்தைத் தாண்டும். அப்படி ஒரு வியாபாரம் நிலைக்காது. புதிதாக வருகிறவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், ஒருநாள் கடை மூடும். ஆலோசனை சொல்கிறவர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்திலேயே பார்க்கலாம். முதலீட்டு ஆலோசகர் பதிவெண் ஐஎன்ஏ என்றும், ஆய்வாளர் பதிவெண் ஐஎன்ஹெச் என்றும் தொடங்கும். நான் அப்படிப் பதிவு பெற்றவன் இல்லை. அக்காவின் தம்பிக்கு ஷேர் பெயர் எதுவும் சொல்லாததற்கு அதுவும் காரணம்.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் லீவில், மொத்தக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். 60 ஷேர், 40 டெபாசிட் என்று முடிவு செய்திருந்தது சந்தை ஏறி 75-க்கு 25 ஆகியிருந்தால், கொஞ்சம் விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஷேர், ஈக்விட்டி ஃபண்ட் லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அதற்குள் திட்டமிடலாம். தினமும் ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

அதே நாளில் நாமினி பெயரைச் சரிபாருங்கள். ராயபுரத்தில் ஒரு வீட்டில் தாத்தா இறந்து பல வருடம் கழித்து டிரங்குப் பெட்டியில் காகித ஷேர் சர்டிபிகேட்டுகள் கிடைத்தன. பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நடந்துகொண்டிருந்த காலத்தில் வாங்கியவை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எக்ஸ்சேஞ்சே 2015-ல் மூடிவிட்டது. தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்ததால் ஷேர்கள் யாரும் கேட்டு வராத முதலீடுகளை வைத்திருக்கும் அரசின் ஐஇபிஎஃப் நிதிக்குப் போய்விட்டன. பணம் தொலையவில்லை, கேட்டு வாங்கலாம். ஆனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய கையெழுத்து, பெயரில் ஒரு எழுத்து மாறியதற்கு உறுதிமொழிப் பத்திரம் என்று அவருடைய பேத்தி இன்னும் தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.